ஃபர்னஸ் ஆயில் சூடாகும்போது வர்ற கோளாறுகள்: அறிகுறியை வெச்சு எங்க பார்க்கணும், எப்படி சரி பண்ணணும்

சாயப்பட்டறை பாயிலர், தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர்னு எஃப்.ஓ. (ஃபர்னஸ் ஆயில்) ஓடுற இடங்கள்ல இருந்து எனக்கு போன் வந்தா முதல்ல கேக்குறது ஒண்ணுதான், ஹீட்டர் தெர்மோஸ்டாட்டை தொட்டீங்களா? பெரும்பாலும் தொட்டிருப்பாங்க. ஃப்ளேம் சரியில்ல, உடனே சூட்டை கூட்டு, அப்பவும் சரியில்ல, இன்னும் கொஞ்சம் கூட்டு, இப்படியே போய் ஒரு சின்ன ஸ்ட்ரெய்னர் (லைன்ல இருக்குற வடிகட்டி) அடைப்புல ஆரம்பிச்சது ஹீட்டர் ராடு எரிஞ்சு நிக்கும். நைட் ஷிஃப்ட்ல இருக்குற தம்பிகளுக்கு யாரும் இதை உக்கார வெச்சு சொல்லித் தர்றதில்ல, அதனால நான் திரும்பத் திரும்ப பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியா எழுதுறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கங்க. டேங்க்ல இருக்குறது ஒரே எண்ணெய்னு நினைக்காதீங்க. அதுல மெழுகு இருக்கு, தண்ணி இருக்கு, டீசல் மாதிரி லேசான பங்கு இருக்கு, தார் இருக்கு. மெழுகு குளிர்ல உறையும், நம்ம வீட்டு தேங்காய் எண்ணெய் மார்கழியில உறையுற மாதிரிதான். தண்ணி ஆவியாகும், லேசான பங்கு வாயு விடும், தார் கூழாப் பிரியும், இல்லன்னா ராடு மேல கரியாப் படியும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூட்டுல, ஒவ்வொரு இடத்துல மாறுது. எது, எங்க மாறுச்சுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

## ஆரம்பிக்கும் முன்னாடி எழுதி வெக்க வேண்டிய சூடுகள்

ஐ.எஸ். 1593ங்கற இந்தியத் தரப்படி ஃபர்னஸ் ஆயில் எல்.வி., எம்.வி.1, எம்.வி.2, எச்.வி.ன்னு நாலு வகை. எம்.வி.2ன்னா 50 டிகிரியில கெட்டித்தன்மை 125 முதல் 180 சென்டிஸ்டோக், எச்.வி. 180 முதல் 370 வரைக்கும். உங்க லோடு எதுன்னு டெஸ்ட் சர்டிபிகேட்ல இருக்கும், அதை ஆபீஸ் ஃபைல்ல வெக்காம பாயிலர் ரூம் சுவத்துல ஒட்டுங்க.

எம்.வி.2க்கு நான் வெக்குறது: பெரிய ஸ்டோரேஜ் டேங்க் 45-50 டிகிரி, டே டேங்க் (பர்னருக்கு ஆயில் தர்ற சின்ன டேங்க்) 55-60, பர்னருக்கு முன்னாடி ப்ரீஹீட்டர் அவுட்லெட் 105 பக்கம். எச்.வி.ன்னா ப்ரீஹீட்டர்ல இன்னும் மேல போகணும். டேங்க் சூடு எப்பவும் ஃப்ளாஷ் பாயிண்டுக்கு (ஆயில் ஆவி நெருப்பு பட்டா பத்துற சூடு) 10 டிகிரியாவது கீழ இருக்கட்டும். தரத்துல கேக்குற குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயிண்ட் 66 டிகிரி, அதனாலதான் டே டேங்க்ல இந்த அளவோட நிறுத்துறேன், உங்க லோடு 66ஐ ஒட்டி வந்திருந்தா 55ஐ தாண்ட விடாதீங்க.

தெர்மாமீட்டரை நம்பும் முன்னாடி ஒரு தடவை கழட்டி கொதிக்கிற தண்ணில விட்டு பாருங்க, 100 பக்கம் காட்டணும். 85 காட்டுற மீட்டரை வெச்சு ஒரு யூனிட்ல ரெண்டு மாசம் தலையை பிச்சுக்கிட்டாங்க.

## அறிகுறி 1: காலையில பம்ப் ஓடுது, ஆயில் வரல

ஞாயித்துக்கிழமை லீவு விட்டு திங்கக்கிழமை காலையில, அதுவும் மார்கழி தை மாசத்துல வர்ற கோளாறு இது. எஃப்.ஓ. உறையுற சூடு 20 டிகிரி வாக்குல இருக்கும், நம்ம ஊர்லயே விடியக்காலம் அதைத் தொடும், முழுசா உறையலன்னாலும் பம்ப் இழுக்க முடியாத அளவுக்கு கெட்டியாகிடும்.

முதல்ல சக்ஷன் (பம்ப் இழுக்குற) பக்கம் வேக்குவம் கேஜ் பாருங்க. கேஜ் இல்லன்னா இன்னிக்கே ஒண்ணு மாட்டுங்க, இந்த லைன்ல அதை விட மலிவான டாக்டர் கிடையாது.

வேக்குவம் அதிகமா காட்டுதுன்னா பம்ப் இழுக்குது, ஆயில் வழி விடல. வால்வு முழுசா திறந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் ஸ்ட்ரெய்னரை திறந்து பாருங்க. உள்ள கறுப்பு வெண்ணெய் மாதிரி இருந்து கையில எடுத்து வெந்நீர் டம்ளர்ல போட்டா இளகி ஓடுதுன்னா அது வெறும் குளிர்ல கெட்டியான ஆயில், மெழுகு. கோளாறு சூட்டுல இருக்கு, ஸ்ட்ரெய்னர்ல இல்ல. வெந்நீர்ல போட்டும் இளகாம கூழாவே கிடந்தா அறிகுறி 7க்கு போங்க.

வேக்குவமே இல்ல, ஊசி பூஜ்யத்துல நிக்குதுன்னா பம்ப் காத்தை இழுக்குது. டேங்க் லெவல், ஸ்ட்ரெய்னர் மூடி கேஸ்கெட், பம்ப் ஷாஃப்ட் சீல், இந்த வரிசையில பாருங்க. கப்ளிங் சுத்துதான்னும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க, கெட்டி ஆயில்ல பம்பை ஸ்டார்ட் பண்ணி கப்ளிங் ரப்பர் பிய்ஞ்சு மோட்டார் மட்டும் சுத்திக்கிட்டு இருக்குறது அடிக்கடி நடக்கும்.

சூடுதான் பிரச்சனைன்னா டேங்க் நடுவுல மட்டும் சூடு பார்த்து ஏமாறாதீங்க. டேங்க்ல 50 இருக்கும், வெளிய வர்ற பைப்ல ரெண்டு மீட்டர் இன்சுலேஷன் கழண்டு கிடக்கும், ட்ரேசிங் லைன் (ஆயில் பைப்பை ஒட்டி ஓடுற ஸ்டீம் லைன்) ஸ்டீம் ட்ராப் (ஸ்டீம் ஆறின தண்ணியை மட்டும் வெளிய விடுற வால்வு) அடைச்சு குளிர்ந்து கிடக்கும், அந்த ரெண்டு மீட்டர்ல ஆயில் கட்டியா நிக்கும். லைன் நெடுக கைவெச்சு பார்த்துக்கிட்டே போங்க, எங்க சில்லுன்னு இருக்கோ அங்கதான். பைப் மேல கோணி சாக்கு சுத்தி வெந்நீர் ஊத்துங்க, இல்ல ஸ்டீம் ஹோஸ் வெச்சு மெதுவா சூடு பண்ணுங்க, ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் வால்வு திறந்தே இருக்கணும், ஏன்னா நடுவுல அடைபட்ட ஆயில் சூடாகி விரிஞ்சா ஜாயிண்ட் பிச்சுக்கும்.

ப்ளோ லேம்ப், கேஸ் கட்டிங் டார்ச் வெச்சு பைப்பை காட்டுறதை தயவு செஞ்சு பண்ணாதீங்க. பண்ணி பழகினவங்க எத்தனை பேர் இருந்தாலும் சரி, பண்ணாதீங்க.

ட்ரேசிங், ட்ராப், இன்சுலேஷன் எல்லாம் சரி, டேங்க் சூடே ஏறலன்னா டேங்குக்குள்ள இருக்குற ஸ்டீம் காயில் உள்ள அடைச்சிருக்கு இல்ல ஓட்டை, அது டேங்க் காலி பண்ற வேலை, அதுக்கு ஆள் கூப்பிடணும்.

## அறிகுறி 2: பம்ப் கடகடன்னு சத்தம், பிரஷர் ஊசி ஆடுது

கூழாங்கல்லை டப்பால போட்டு குலுக்குற மாதிரி சத்தம் வரும். பெரும்பாலானவங்க பம்ப் போச்சுன்னு முடிவு பண்ணி புது பம்ப் வாங்கிடுவாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குற செலவு, ஏன்னா முக்கால்வாசி நேரம் பம்ப் நல்லாத்தான் இருக்கும், உள்ள ஆயிலுக்கு பதிலா ஆவி வருது.

தண்ணி 100 டிகிரியிலதான் கொதிக்கும்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். பம்ப் சக்ஷன்ல அப்படி இல்ல. வேக்குவம் பாதரச அளவுல 300 மி.மீ. போச்சுன்னா தண்ணி 86, 87 டிகிரியிலயே கொதிக்கும், 380 போச்சுன்னா 81, 82லயே. டே டேங்க் தெர்மோஸ்டாட்டை யாரோ 85க்கு தூக்கி வெச்சிருப்பாங்க, ஸ்ட்ரெய்னர் பாதி அடைச்சிருக்கும், ரெண்டும் சேந்தா பம்ப் வாயிலயே தண்ணி ஆவியாகுது.

அதனால வரிசை இப்படி. முதல்ல டே டேங்க் சூடு பாருங்க, 60க்கு மேல இருந்தா இறக்குங்க, ஆறுறதுக்கு நேரம் கொடுங்க. அடுத்து ஸ்ட்ரெய்னர் கழட்டி கழுவுங்க. அடுத்து டேங்க் அடி ட்ரெயினை மெதுவா திறந்து தண்ணி வடிங்க. இந்த மூணுக்கும் காசு கிடையாது, பனியன் வேஸ்ட் ஒரு கிலோ போதும்.

இதெல்லாம் பண்ணியும் சத்தம் நிக்கலன்னா போன லோடுல என்ன வந்துச்சுன்னு பாருங்க. விலை கம்மின்னு டயர் பைராலிசிஸ் ஆயிலை (பழைய டயரை சூடு பண்ணி எடுக்குற ஆயில்) எஃப்.ஓ. கூட கலந்து விக்குறாங்க, நீங்களே கலக்குறவங்களும் உண்டு. அதுல லேசான பங்கு ரொம்ப ஜாஸ்தி, ஃப்ளாஷ் பாயிண்ட் எஃப்.ஓ.வை விட ரொம்ப கீழ இருக்கும், 55 டிகிரிக்கே வாயு விட ஆரம்பிச்சுடும். டேங்க் வென்ட் பக்கம் போனா பெயிண்ட் தின்னர் மாதிரி காட்டமான வாடை வந்தா சந்தேகமே வேண்டாம். அந்த மாதிரி லோடுக்கு டேங்க் ஹீட்டிங்கை நிறுத்திடுங்க, பக்கத்துல வெல்டிங், பீடி எதுவும் கூடாது, சாம்பிள் எடுத்து லேப்ல ஃப்ளாஷ் பாயிண்ட் பார்த்துட்டுத்தான் அடுத்த முடிவு.

ஆயில்ல ஒரு கோளாறும் இல்லன்னு உறுதியான பிறகு பம்ப் கிளியரன்ஸ் பார்க்க ஆளை கூப்பிடுங்க.

## அறிகுறி 3: ஃப்ளேம் பொரியுது, வெடிக்கிற மாதிரி படபடன்னு சத்தம்

எண்ணெய்ச் சட்டில தண்ணி சொட்டு விழுந்தா என்ன ஆகும்? அதேதான் உங்க ஃபர்னஸ்க்குள்ள நடக்குது.

பிரஷர் ஜெட் பர்னர்ல ஹீட்டருக்குள்ள பிரஷர் அதிகம், அதனால 105 டிகிரி சூட்டுலயும் தண்ணி தண்ணியாவே இருக்கும், ஒண்ணும் தெரியாது. நாசிலை விட்டு வெளிய வந்த உடனே பிரஷர் விழுது, தண்ணி ஒரே நொடியில ஆவியாகுது. ஒரு லிட்டர் தண்ணி 1,600 லிட்டருக்கும் மேல ஆவியா விரியும். அதான் அந்த படபட, அதான் ஃப்ளேம் அணைஞ்சு அணைஞ்சு வர்றது.

சோதனை ரொம்ப சுலபம். ஒரு இரும்புத் தட்டை ஹாட் பிளேட்ல 150 டிகிரி பக்கம் சூடு பண்ணி, பர்னர் லைன்ல எடுத்த ஆயில்ல ஒரு சொட்டு விடுங்க, பாயிலர் ரூமுக்கு வெளிய வெச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு. அமைதியா பரவி புகைஞ்சா தண்ணி இல்ல. பொரிஞ்சா தண்ணி இருக்கு. டேங்க் அடியில எவ்வளவு நிக்குதுன்னு தெரிய டிப் ராட் (ஆழம் பார்க்குற கம்பி) நுனியில வாட்டர் ஃபைண்டிங் பேஸ்ட் தடவி விடுங்க, நிறம் மாறின உயரம் வரைக்கும் தண்ணி.

தரத்துலயே 1 சதவீதம் வரைக்கும் தண்ணி அனுமதி உண்டு. 10,000 லிட்டர்ல அது 100 லிட்டர், தினமும் ட்ரெயின் பண்ணலன்னா சேந்துக்கிட்டே போகும். ட்ரெயின் பண்றதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, எஃப்.ஓ.வோட எடை தண்ணி எடைக்கு ரொம்ப கிட்ட, குளிர்ந்த ஆயில்ல தண்ணி கீழ இறங்காம அங்கங்க தொங்கிக்கிட்டே நிக்கும். 50 டிகிரி சூடு பண்ணி, பம்ப் எதுவும் ஓடாம ஒரு ராத்திரி முழுக்க விட்டாத்தான் அடியில வந்து சேரும். காலையில மத்த எதையும் தொடும் முன்னாடி ட்ரெயினை திறங்க.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்க்காம வடிச்சுக்கிட்டே இருக்காதீங்க. வென்ட் பைப் மேல பார்த்தபடி இருந்தா மழைத்தண்ணி நேரா உள்ள போகுது. ஒரு யூனிட்ல ஐப்பசி மழை நாலு நாள் பேஞ்ச பிறகு ஃப்ளேம் நிக்கவே இல்ல, அவங்க மூணு நாசில் மாத்தி, ஃபோட்டோசெல் (ஃப்ளேம் இருக்கான்னு பார்க்குற கண்ணு) மாத்தி, கன்ட்ரோலர் மாத்தினாங்க, நான் போய் பார்த்தா வென்ட் மேல இருந்த வளைவு துருப்பிடிச்சு விழுந்து கிடக்கு. மேன்ஹோல் கேஸ்கெட், டிப் ராட் மூடி ரெண்டையும் அதே கையோட பாருங்க. மழையே இல்லாதப்போ தண்ணி ஏறிக்கிட்டே இருந்தா ஸ்டீம் காயில் ஓட்டை, அறிகுறி 9 பாருங்க.

## அறிகுறி 4: கறும்புகை, நாசில் நுனியில கரி

நாசில்ல ஆயில் நல்லா நீர்த்து வரணும், எம்.வி.2 அந்த நிலைக்கு வர்ற சூடுதான் 105. சூடு கம்மின்னா சொட்டு பெருசா விழும், பெரிய சொட்டு முழுசா எரியாது, கறும்புகை. ஆனா எல்லா கறும்புகையும் சூட்டுக் குறைவு இல்ல, அதனாலதான் தெர்மோஸ்டாட்டை கடைசியா தொடச் சொல்றேன்.

நாசிலைக் கழட்டி பாருங்க, ஆறின பிறகு. நுனியில ஈரமான கறுப்பு பிசின் இருந்தா ஆயில் குளிர்ச்சியா வருது. ஹீட்டர் அவுட்லெட்ல 105 இருக்கும், ஆனா ஹீட்டர்ல இருந்து நாசிலுக்கு போற அந்தக் குட்டி பைப் ஆறிக் கிடக்கும், ஸ்டார்ட் பண்ற முதல் நிமிஷம் மட்டும் புகை வந்து அப்புறம் தெளிஞ்சா இதுவேதான். ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆயிலை ரிட்டர்ன் வழியா சுத்த விடுற நேரத்தை கூட்டுங்க.

நுனியில காஞ்ச, கெட்டியான, சுரண்டினா செதில் செதிலா வர்ற கரி இருந்தா நேர் எதிர்ப்பக்கம். சூடு ஜாஸ்தி, இல்ல பர்னர் நின்ன பிறகு நாசில்ல தங்கின ஆயில் ஃபர்னஸ் அனல்ல வெந்துபோகுது. சொலினாய்டு வால்வு முழுசா மூடுதான்னு பாருங்க.

ரெண்டும் இல்லன்னா காத்து. டேம்பர், ஃபேன் பிளேடுல பஞ்சுத் தூசி, நம்ம ஊர் மில்லுங்கள்ல இது சர்வ சாதாரணம். நாசிலை ஊசியாலயோ கம்பியாலயோ குத்தாதீங்க, அந்த ஓட்டையோட வடிவம் கெட்டா அது அவ்வளவுதான், டீசல்ல ஊற வெச்சு மென்மையான பிரஷ்ல கழுவுங்க. இவ்வளவுக்கு அப்புறமும் புகைன்னா ஃப்ளூ கேஸ் அனலைசர் வெச்சு டியூன் பண்ற சர்வீஸ் ஆள் வேணும்.

## அறிகுறி 5: லாக்அவுட் மேல லாக்அவுட்

இதை நிதானமா படிங்க. எழுதினதுல இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

பர்னர் பத்தல, கன்ட்ரோலர் தானா நிறுத்திடுது, அதான் லாக்அவுட். ரீசெட் அமுக்குறோம். திரும்ப பத்தல. திரும்ப அமுக்குறோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆயில் ஃபர்னஸ்க்குள்ள போய் தரையில விழுது. ஃபர்னஸ் செங்கல் இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்கு, அந்த ஆயில் அங்க ஆவியாகி உள்ள முழுக்க நிறையுது. அடுத்த தடவை பத்திச்சுன்னா பர்னர் மட்டும் பத்தாது, உள்ள நிக்குற மொத்த ஆவியும் ஒரே நேரத்துல பத்தும். கதவு பிச்சுக்கிட்டு வரும். பக்கத்துல நிக்குற ஆளுக்கு என்ன ஆகும்னு நான் எழுத விரும்பல.

அதனால ரெண்டு தடவை. அதுக்கு மேல ரீசெட் கிடையாது. ஆயில் வால்வை கையால மூடுங்க, ஃபேனை மட்டும் ஓட விட்டு நல்லா பர்ஜ் பண்ணுங்க (உள்ள நிக்குற ஆவியை வெளிய தள்ளுங்க), அப்புறம் பீப் ஹோல் வழியா தள்ளி நின்னு பாருங்க. தரையில ஆயில் பளபளன்னு தெரிஞ்சாலோ வெள்ளையா புகை மிதந்தாலோ அந்த ஃபர்னஸ் ஆறி, திறந்து, துடைச்சு சுத்தம் பண்ற வரைக்கும் பத்த வெக்கக் கூடாது. மேனேஜர் புரொடக்ஷன் நிக்குதுன்னு கத்துனாலும் கூடாது. ஷிஃப்ட் புக்குல நேரம் போட்டு எழுதி வெச்சுடுங்க.

பத்தாததுக்கு காரணம் தேடுற வரிசை: ஃபோட்டோசெல் கண்ணாடியில கரி, இக்னிஷன் எலக்ட்ரோடு இடைவெளி, நாசில் அடைப்பு, ஆயில் சூடு ஏறலை, லைன்ல ஆவி, கடைசியா கன்ட்ரோலர். ஃபோட்டோசெல்லை ஏமாத்த டார்ச் லைட் காட்டுறது, இன்டர்லாக்கை ஒயர் போட்டு பைபாஸ் பண்றது, இதை யாராவது செஞ்சு காட்டினா அவரை பாயிலர் ரூம்ல விடாதீங்க. கன்ட்ரோலர் வரைக்கும் போயிட்டா பர்னர் சர்வீஸ் எஞ்சினியர்தான், நீங்க பார்க்குற வேலை இல்ல.

## அறிகுறி 6: ஹீட்டர் ஆன்ல இருக்கு, சூடு ஏற மாட்டேங்குது

ஃபியூஸ், கான்டாக்டர், மூணு ஃபேஸ் வருதான்னு முதல்ல. க்ளாம்ப் மீட்டர் வெச்சு ஆம்ப்ஸ் பாருங்க. ஒரு ஃபேஸ்ல ஆம்ப்ஸ் இல்லன்னா அந்த ராடு போச்சு.

ஆம்ப்ஸ் எல்லாம் சரி, சூடு மட்டும் ஏறலன்னா ராடு மேல கரி படிஞ்சிருக்கு. ஆயில் 105ல இருந்தாலும் ராடோட மேல்தோல் அதை விட ரொம்ப சூடா இருக்கும், ஆயில் நிக்காம ஓடிக்கிட்டு இருந்தா அந்த சூட்டை எடுத்துட்டு போயிடும், பம்ப் நின்னு ஹீட்டர் மட்டும் ஆன்ல கிடந்தா அங்கயே நின்ன ஆயில் வெந்து கரியாகும். கரி சூட்டைக் கடத்தாது, அதனால ராடு இன்னும் சூடாகும், இன்னும் கரி படியும், கடைசில ராடு வெடிக்கும். மெழுகு உறைஞ்சா திரும்ப சூடு பண்ணா இளகிடும், தண்ணி ஆவியானா ஆறினதும் தண்ணிதான், இந்தக் கரி மட்டும் எந்த சூட்டுலயும் திரும்ப ஆயிலாகாது. சுரண்டித்தான் எடுக்கணும்.

செய்ய வேண்டியது: பம்ப் ஓடினாத்தான் ஹீட்டர் ஓடணும்னு இன்டர்லாக் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எலக்ட்ரீஷியனை வெச்சு போடுங்க. பர்னரை நிறுத்தும்போது ஹீட்டரை முதல்ல ஆஃப் பண்ணி, ஆயிலை இன்னும் அஞ்சு பத்து நிமிஷம் சுத்த விட்டு அப்புறம் பம்பை நிறுத்துங்க. ராடு மாத்தும்போது பழைய வாட்டுக்கு புது வாட் மட்டும் பார்த்து வாங்காதீங்க, ராடு நீளமும் பாருங்க. எஃப்.ஓ.வுக்கு ராடு பரப்புல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 1.5 வாட் இருந்தா போதும், தண்ணி சூடு பண்ற ராடை அதே கிலோவாட்னு வாங்கி எஃப்.ஓ.ல போட்டா சீக்கிரமே கரி கட்டும், அது குட்டையா இருக்கும், தோல் சூடு ரொம்ப ஏறும்.

டேங்க்ல இருக்குற ஹீட்டர்னா லெவல் ராடுக்கு கீழ இறங்கவே கூடாது. வெளிய தெரியுற ராடு சிவந்துபோய் மேல நிக்குற ஆவியைப் பத்த வெச்சுடும். லோ லெவல் கட் ஆஃப் வேலை செய்யுதான்னு மாசம் ஒரு தடவை மிதவையை கையால தூக்கி இறக்கி பாருங்க.

## அறிகுறி 7: ஃபில்டர் தினமும் அடைக்குது, வெந்நீர்லயும் இளகாத கறுப்புக் கூழ்

புது லோடு இறக்கின பிறகு ஆரம்பிச்சுதா? அப்ப ரெண்டு ஆயிலும் ஒத்துப்போகல. எஃப்.ஓ.க்குள்ள தார் மாதிரி பங்கு கரைஞ்சு நிக்குது, வேற ஜாதி ஆயிலோ டீசலோ பைராலிசிஸ் ஆயிலோ உள்ள வந்தா அது கரைஞ்சு நிக்க முடியாம கூழாப் பிரிஞ்சுடும். சூடு பண்ணினா சரியாகும்னு கூட்டுவாங்க, சரியாகாது, சீக்கிரம் கரியாகும்.

டெஸ்ட்: பழைய ஆயில் புது ஆயில் ரெண்டையும் டேங்க்ல கலக்குற அதே அளவு விகிதத்துல ஒரு சின்ன டின்ல கலந்து, 100 டிகிரி வரைக்கும் ஹாட் பிளேட்ல சூடு பண்ணி, ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு காய விடுங்க. சொட்டு ஒரே பழுப்பா பரவினா ஒத்துப்போகுது. நடுவுல கறுப்பா தனி வட்டம் விழுந்தா கலக்காதீங்க. இதை லோடு இறக்குறதுக்கு முன்னாடி பண்ணணும், டேங்கர் டிரைவர் அவசரப்படுவார், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உக்கார வெச்சுட்டு பண்ணுங்க.

கலந்தாச்சுன்னா ஒரே வழி, அந்த ஆயிலை தனியா வெச்சு கூடுமானவரைக்கும் குறைஞ்ச சூட்டுல சீக்கிரம் எரிச்சுத் தீர்க்குறது. ஃபில்டர் டியூப்ளெக்ஸா (ஜோடியா) இருந்தா ஒண்ணு ஓட ஒண்ணு கழுவலாம். மெஷ் வரிசையும் பாருங்க (நம்பர் கூடக் கூட வலைக்கண்ணு சின்னது), டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல 10 மெஷ், டே டேங்குக்கும் ப்ரீஹீட்டருக்கும் நடுவுல 40, ப்ரீஹீட்டருக்கும் பர்னருக்கும் நடுவுல 100. சிலர் நல்லா வடிகட்டட்டும்னு முதல்லயே 100 போட்டுடுறாங்க, அது ஒரு மணி நேரத்துல அடைச்சுக்கும், அடைச்சா சக்ஷன் வேக்குவம் ஏறும், திரும்ப அறிகுறி 2.

புது லோடு எதுவும் இல்லாம மெதுவா ஜாஸ்தியானா டேங்க் அடிக்கசடு மேல வருது. எஃப்.ஓ. டேங்க் வருஷம் ஒரு தடவை சுத்தம் பண்ணணும். அது டேங்க் க்ளீனிங் காண்ட்ராக்டர் வேலை. கனமான எண்ணெய் டேங்க்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு நிக்கும், முதல்ல அழுகின முட்டை வாடை வரும், அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. கேஸ் மீட்டர், பர்மிட், வெளிய ஒரு ஆள் காவல், இதெல்லாம் இல்லாம உங்க ஹெல்ப்பரை கயிறு கட்டி உள்ள இறக்காதீங்க.

## அறிகுறி 8: டேங்க் மேல நுரை, வென்ட் வழியா ஆயில் வழியுது

உடனே டேங்க் ஸ்டீம் வால்வை மூடுங்க, எலக்ட்ரிக் ஹீட்டரை மெயின்ல ஆஃப் பண்ணுங்க, ஆட்களை தள்ளி நிக்க சொல்லுங்க. காரணம் அப்புறம் பார்க்கலாம்.

நுரை இருந்தா அடியில நின்ன தண்ணி கொதிக்குது. டேங்க் மொத்தமும் 70ல இருந்தாலும் காயில் ஒட்டின இடத்துல நிலைமை வேற. பாயிலர்ல இருந்து 10 கிலோ பிரஷர்ல ஸ்டீமை நேரா காயிலுக்கு விட்டா அது 180 டிகிரிக்கு மேல, அது பக்கத்துல தண்ணி இருந்தா பால் பொங்குற மாதிரி மொத்த ஆயிலையும் தூக்கிட்டு மேல வரும். டேங்க் காயிலுக்கு பிரஷர் குறைக்குற வால்வு போட்டு 2-3 கிலோவுக்கு மேல விடாதீங்க.

நுரையே இல்லாம அமைதியா வழிஞ்சா ஆயில் விரிஞ்சிருக்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் எஃப்.ஓ. 10,000ல 7 பங்கு வாக்குல விரியும். 10,000 லிட்டர் டேங்கை 30ல இருந்து 70க்கு சூடு பண்ணா 280 லிட்டர் கூடுது. கழுத்து வரைக்கும் நிரப்பினா போறதுக்கு இடம் ஏது? மேல ஒரு 10 சதவீதம் காலியா விடுங்க.

## அறிகுறி 9: கன்டென்சேட்ல எண்ணெய்ப் படலம்

கன்டென்சேட்னா ஸ்டீம் ஆறி வர்ற தண்ணி. அதுல எண்ணெய் தெரிஞ்சா காயில்ல ஓட்டை. ஸ்டீம் ஓடும்போது தண்ணி ஆயிலுக்குள்ள போகும், ஸ்டீமை மூடினதும் காயில் ஆறி உள்ள வேக்குவம் உண்டாகி ஆயில் காயிலுக்குள்ள வரும். அந்த கன்டென்சேட் பாயிலருக்கு தண்ணி தர்ற ஃபீட் டேங்குக்கு போச்சுன்னா ஆயில் பாயிலருக்குள்ள போயிடும், தண்ணி நுரைக்கும், டியூப் மேல படிஞ்சு டியூப் சூடாகி உப்பும். மத்த எல்லாக் கோளாறும் ஆயிரக் கணக்குல முடியும், இது லட்சத்துல.

அதனால ஆயில் டேங்க் காயில் கன்டென்சேட்டை ஃபீட் டேங்க்ல சேக்கவே சேக்காதீங்க, தனியா ஒரு தொட்டியில விட்டு கண்ணால பார்த்து கீழ விடுங்க. அந்தத் தண்ணி போனா போகட்டும். ஏற்கனவே ஃபீட் டேங்க்ல வானவில் மாதிரி படலம் தெரிஞ்சா காயிலை ரெண்டு பக்கமும் மூடி, பாயிலரை நிறுத்தி, வாட்டர் ட்ரீட்மென்ட் ஆளையும் பாயிலர் ரிப்பேர் பண்ற ஆளையும் கூப்பிடுங்க. கெமிக்கல் போட்டு நீங்களே கழுவ பார்க்காதீங்க.

## அறிகுறி 10: டேங்க்ல லீக் இல்ல, ஆனா ஆயில் குறையுது

ஸ்டோர் கீப்பருக்கும் பாயிலர் ஆளுக்கும் சண்டை வர்ற இடம். டேங்கர் 60 டிகிரி சூட்டுல 12,000 லிட்டர் இறக்கிட்டு போகும், நாலு நாள் கழிச்சு 30 டிகிரியில டிப் பார்த்தா 250 லிட்டர் காணோம். யாரும் எடுக்கல, சுருங்கியிருக்கு. லோடு வாங்கும்போது லிட்டரோட சூட்டையும் டென்சிட்டியையும் ரிஜிஸ்டர்ல எழுதுங்க, டிப் எடுக்கும்போதும் சூட்டை எழுதுங்க, கணக்கை கிலோவுல போடுங்க. கிலோவுலயும் குறைஞ்சா அடுத்து பார்க்க வேண்டியது தரைக்கு அடியில போற பைப்.